காயவைத்த சக்கை

அக்டோபர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, நகரச் சந்தையின் கிழக்கு வாயில் மளிகைக் கடையில் வாங்கப்பட்ட தேயிலைப் பொட்டலம் ஒன்று, மலையடிவாரத்தில் உள்ள தேயிலை விவசாயிகள் சங்கத்தின் அலுவலகத்துக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "உங்கள் பெயரை நம்பி விருந்தாளிக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வெந்நீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்."

சங்கத்தில் தேயிலையை ருசி பார்த்துத் தரம் பிரிப்பவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் மூக்கர் என்பார்கள். அவருக்கும் அது தெரியும். பொட்டலத்தைப் பிரித்து ஒரு கோப்பை போட்டுப் பார்த்தார். நிறம் சட்டென்று இறங்கியது. அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. புது இலை என்றால் வெந்நீரில் மெதுவாக முறுக்கு அவிழும். இது ஏற்கெனவே அவிழ்ந்த இலை. நனைந்த காகிதம்போல அடியில் கிடந்தது.

"ஒரு தடவை கொதிச்ச சக்கை," என்றார் செயலாளரிடம். "காயவெச்சு, சர்க்கரையைக் கருக்கி நிறம் ஏத்தியிருக்காங்க. ஆனா ஒண்ணு. காயவெச்ச ஆள் கைதேர்ந்த ஆள். நம்ம ஆலையிலயே சில நாள் இவ்வளவு சீரா வராது."

செயலாளர் உறையைத் திருப்பிப் பார்த்தார். சங்கத்தின் பச்சை முத்திரை போலியல்ல. அதற்குக் கீழே இருந்த குறியீடு கொண்ட சரக்கு, அந்த நகரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிருந்தது. சந்தைக்குள் இரண்டு சகோதரிகள் நடத்தும் சின்னத் தேநீர்க்கடை.

"அந்த அக்கா முன்னாடி ஒரு ஆலையில உலர்த்துற பிரிவுல இருந்தவங்க," என்றார் செயலாளர். "ஆலையை மூடினதும் கடை போட்டாங்க. நல்லவங்கன்னு நெனச்சுத்தான் நேரடியா இலை கொடுத்தோம்."

செயலாளர் உறையை மூக்கர் பக்கம் தள்ளினார்.

"நீங்க யாருன்னு காட்டிக்க வேண்டாம். போய் உக்காந்து டீ குடிங்க. நெசம்னா இந்த மாசத்தோட அவங்களுக்கு இலையை நிறுத்திடலாம்."

கடை, சந்தையின் நடுப்பாதையில், பழைய பெட்டிகளும் கைப்பைகளும் விற்கும் கடைக்கும் சாவி செய்பவரின் மேசைக்கும் இடையில் இருந்தது. அகலம் ஒரு லாரியின் பின்பக்கம் அளவு. 'டீ பார்' என்று பலகை. ஒரு நீளப் பலகை மேடை, அதை ஒட்டிக் கால் உயர்ந்த முக்காலிகள், மேடைக்குப் பின்னால் வெந்நீர்க் கொதிகலன், டீ ஊறுவதற்கான மூடி போட்ட பீங்கான் ஜாடிகள். அக்கா டீ போட்டார். தங்கை பரிமாறினார், பேசினார், பேச்சுக்கு நடுவே கோப்பை கழுவினார்.

"பால் போட்டா, போடாமலா?" என்று கேட்டார் தங்கை.

"போடாம."

"சக்கரை?"

"வேண்டாம்."

"டாக்டர் சொன்னதா, வீட்டுல சண்டையா?"

டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்து மேசைச் சாவிக்காரர் சிரித்தார். "பாவம், இன்னைக்குத்தான் வந்திருக்கார். விட்டுடும்மா."

கோப்பை வந்தது. மூக்கர் அங்கேதான் முதல் தவறைச் செய்தார். தேயிலை ருசி பார்க்கிறவர்கள் டீயைக் குடிப்பதில்லை. காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பாக உறிஞ்சுவார்கள். துணி கிழிவது போன்ற சத்தம் வரும். வேறு விதமாக டீ குடிப்பது எப்படி என்பதை அவர் மறந்து பல காலம் ஆகியிருந்தது.

மேடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னய்யா இது, மோட்டார் போட்ட மாதிரி இழுக்கிறாரு!" என்றார் சாவிக்காரர்.

மூக்கர் வாயில் இருந்ததைத் துப்ப இடம் தேடினார். பிறகு நினைவு வந்து விழுங்கினார். தங்கை சிரிக்கவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்காவிடம் போய்க் காதருகே ஏதோ சொன்னார். அக்கா நிமிர்ந்து மூக்கரை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி ஜாடியைக் கவனித்தார்.

டீ நன்றாக இருந்தது. சங்கத்தின் இலைதான், கலப்பே இல்லை. துவர்ப்பு முதலில் நாக்கின் ஓரத்தில் நின்று, பிறகு மழை விட்ட புல்வெளியின் வாசனையாக மேலே ஏறியது. அது அவருக்கு நிம்மதி தரவில்லை. நல்லதை இங்கே ஊற்றிப் பெயர் வாங்கிக்கொண்டு சக்கையை அங்கே விற்கிறார்கள் என்றால், கணக்கு இன்னும் சுத்தமாகப் பொருந்தியது.

அவர் கவனிக்கத் தொடங்கினார். ஜாடி காலியானதும் அக்கா சக்கையைக் குப்பையில் போடவில்லை. துணியில் கொட்டிப் பிழிந்தார். ஓர் அகலத் தட்டில் உதிர்த்துப் பரப்பினார். தட்டு நிறைந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படியேறி மொட்டைமாடிக்குப் போய் வெறும் தட்டோடு இறங்கி வந்தார். காலியான தேயிலை உறைகளையும் யாரும் கசக்கவில்லை. பச்சை முத்திரை மடியாமல் தட்டையாக நீவி, அலமாரியின் மேல்தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. கடையில் லேசாகக் கருகிய சர்க்கரை வாசனை அடித்தது. அடுப்பில் வெந்நீரைத் தவிர எதுவும் இல்லை. முதலில் இல்லாத வாசனை. அடுத்த முக்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகு வந்தது. ஆனால் அந்த வரிசையை மூக்கர் அப்போது யோசிக்கவில்லை.

வந்தவர் அடுத்த கடைப் பெட்டிக்காரர். சகோதரிகளின் சித்தப்பா.

"யாரு, புது ஆளா?" என்று மூக்கரைக் கேட்டார்.

"ஆமா. ஒரு வேலையா வந்தேன்."

"என்ன வேலை?"

மூக்கர் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "இன்ஷூரன்ஸ்," என்றார்.

சாவிக்காரர் கோப்பையை எடுத்துக்கொண்டு ஒரு முக்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"இந்தக் கடை யார் பேர்ல இருக்கு தெரியுமா?" என்றார் பெட்டிக்காரர். "என் பேர்ல. ஆலையை மூடி இந்தப் பொண்ணுங்க நடுத்தெருவுல நின்னப்போ, எடுத்துக்குங்கடான்னு கொடுத்தேன். வெளியாளா இருந்தா செய்வானா?"

"தினம் ஒரு தடவை சொல்லலைன்னா சித்தப்பாவுக்கு டீ இறங்காது," என்றார் தங்கை.

"சொன்னா என்ன தப்பு? நாளைக்கே வெளிய போங்கன்னு சொன்னேனா?"

தங்கை மேடையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடம்.

மூக்கர், சும்மா கேட்பதுபோல, "அந்தச் சக்கையை எல்லாம் என்ன பண்றீங்க?" என்றார்.



"இன்ஷூரன்ஸ்காரருக்குச் சக்கை எதுக்கு?" என்றார் தங்கை.

"தெரிஞ்சுக்கலாமேன்னு."

"செடிக்குப் போடுவாங்க," என்றார் பெட்டிக்காரர். "நல்ல உரம்." சொல்லிவிட்டுக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். சகோதரிகள் இருவரும் அதை மறுக்கவில்லை. அக்கா மட்டும் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை மூக்கர் கடைக்குப் போகவில்லை. பின்பக்கப் படியேறி நேராக மொட்டைமாடிக்குப் போனார். சந்தைக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான மாடி. கொடியில் துணிகள், ஒரு மூலையில் உடைந்த தராசுகள், தண்ணீர்த் தொட்டி. ஒரு பூந்தொட்டிகூட இல்லை.

செடி என்றது பொய். மூவரும் கூட்டு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காற்று நேராகப் படாத இடத்தில், வெள்ளைத் துணி விரித்துச் சக்கை பரப்பியிருந்தது. விரல் தடிமனுக்குக் குறைவாக, ஓரம் கலையாமல், ஒரு பக்கம் நேற்றையது, ஒரு பக்கம் இன்றையது. பக்கத்தில் இரண்டு வகைச் சல்லடை. தூசியைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். குப்பைக்குப் போகிற பொருளுக்கு யாரும் இத்தனை மரியாதை செய்வதில்லை. மூக்கர் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார்.

"கையை எடுங்க."

அக்கா படியில் நின்றுகொண்டிருந்தார். கையில் அடுத்த தட்டு.

"எந்தக் கம்பெனி நீங்க? உறிஞ்சினப்பவே தங்கச்சி சொன்னா, இது இன்ஷூரன்ஸ் வாய் இல்லைன்னு. வாசல்ல பெரிய டீக்கடை திறக்கப் போறாங்களாமே, அவங்களா? எங்க டீயை நக்கிப் பார்க்க ஆள் அனுப்பறது போதாதுன்னு இப்போ சக்கையும் வேணுமா?"

மூக்கருக்குக் கோபம் வந்தது. திருடியவர்கள் தன்னைத் திருடன் என்பது அவர் எதிர்பாராதது. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். தான் யார் என்பதையும் சொன்னார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தார். பொட்டலத்திலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் தேய்த்தார். ஒரு துணுக்கை ஒடித்துப் பார்த்தார், சத்தத்தைக் கேட்டார். முகர்ந்தார்.

"இது நான் காயவெச்சதுதான்," என்றார்.

குற்றம் இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளப்படும் என்று மூக்கர் நினைத்திருக்கவில்லை. அதனாலேயே அதை நம்பவும் இல்லை.

"விக்கத்தானே காயவெச்சீங்க?"

"சித்தப்பா கேட்டார், அதான். பழைய பெட்டியெல்லாம் பூஞ்சை நாத்தம் அடிக்குமாம். துணிப்பையில சக்கையைக் கட்டி உள்ள போட்டா வாசனை போயிடும்னார். சரிதானே அது?"

"சரிதான். ஆனா அதுக்கு இவ்வளவு பக்குவம் எதுக்கு? சலிச்சு, தூசி பிரிச்சு?"

அக்கா அந்தக் கேள்வியை முதல்முறையாகக் கேட்பவர்போலத் துணியைப் பார்த்தார். "எனக்கு வேற மாதிரி காயவைக்க வராது சார். இலைன்னு ஒண்ணு கையில வந்தா கை இப்படித்தான் போகும். ஈரத்தோட அள்ளிக் கொடுக்க மனசு வரலை."

"நேத்து உங்க சித்தப்பா செடிக்குன்னு சொன்னாரே?"

"சொன்னார்."

"உறையெல்லாம் நீவி அடுக்கி வெச்சிருக்கீங்களே, அது யாருக்கு?"

"அதுவும் சித்தப்பாவுக்குத்தான். கைப்பை தொங்கிப் போகாம உள்ள அடைக்க..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். சக்கையையும் உறையையும் ஒரே மூச்சில் சொன்னது இதுதான் முதல் தடவை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அல்லது, அப்படித் தெரியும்படி அவர் முகத்தை வைத்துக்கொண்டார். மூக்கரால் தீர்மானிக்க முடியவில்லை.

அக்கா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். கீழே யாரோ மீன் விலையைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா பேரைச் சொன்னா கடை போகும். சொல்லலைன்னா இலை போகும்," என்றார். "இலை இல்லாம அந்தக் கடையை வெச்சு நான் என்ன பண்றது? தங்கச்சி ரெண்டு பிள்ளையை அதுலதான் படிக்க வைக்கிறா. நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"பார்த்ததை எழுதுவேன்."

"என்ன பார்த்தீங்க? வெள்ளைத் துணியும் என்னையும்தானே?" அவர் எழுந்தார். "வாங்க."

பெட்டிக்காரரின் கடையில் பழைய பெட்டிகள் படிக்கட்டுபோல அடுக்கப்பட்டிருந்தன. அவர் ஒரு கைப்பையின் ஜிப்பில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் மூக்கரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் வடிகட்டியைக் கையில் வைத்தபடியே தங்கையும் மேடையை விட்டு வந்தார்.

"என்ன இன்ஷூரன்ஸ், பெட்டி வேணுமா? உங்களுக்குன்னா விலை கேக்கவே மாட்டேன், எங்க பொண்ணோட வந்திருக்கீங்க!"

மூக்கர் மேலே இருந்த பெட்டியைத் திறந்து முகத்தை உள்ளே கொண்டுபோனார்.

"பெட்டியை மோந்து பார்த்து வாங்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்," என்றார் பெட்டிக்காரர். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பூஞ்சை. பல மழைக்காலங்களின் பூஞ்சை. அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. எதிலும் தேயிலை பட்ட வாசனை இல்லை. அக்கா கைப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கைவிட்டு உருவினார். செய்தித்தாள். செய்தித்தாள். செய்தித்தாள். ஒரு பச்சை முத்திரைகூட இல்லை.

தங்கை யாரையும் கேட்காமல் கடைசியில் தொங்கிய திரையை விலக்கினார். ஒற்றை அடுப்பு. அதன்மேல் அடி கறுத்த வாணலி. பக்கத்தில் முத்திரை உறைகள், பாதி நிரம்பியவையும் வெறுமனே இருந்தவையும். நேற்று முக்காலியில் அடித்த வாசனை இங்கே கண்ணைக் கரித்தது.

"சித்தப்பா," என்றார் தங்கை.

பெட்டிக்காரர் கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவருக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்ததுபோலத் தெரிந்தது. "குப்பைக்குப் போறதுதானேம்மா? யாரு வயித்துல அடிச்சேன்? முதல்ல நெசமாவே பெட்டிக்குத்தான் கேட்டேன். நீ கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்தா... மளிகைக்காரன் ஒருநாள் இங்க வந்து பையைத் திறந்து பார்த்துட்டு, இது என்ன ரகம்னு கேட்டான். ரகம்னு கேட்டான்மா! ஈரமும் கட்டியுமா கொடுத்திருந்தா எவன் கேட்டிருப்பான்? நீதான் அவ்வளவு அழகா காயவெச்சே."

அக்கா உருவிய செய்தித்தாள்களைக் கீழே போட்டார்.

"இதை ஊர்ல சொல்லிட்டுத் திரியாத. வெளியாளு முன்னாடி சித்தப்பாவைக் காட்டிக் கொடுத்தா, அப்புறம் எனக்கும் அண்ணன் பொண்ணுங்கன்னு யாரும் இல்லை. கடையும் இல்லை. யோசிச்சுக்கோ."

"இந்தப் பொட்டலம் எந்த மளிகைக் கடையில வாங்கினது?" என்று அக்கா மூக்கரைக் கேட்டார்.

சகோதரிகளும் மூக்கரும் கிழக்கு வாயிலுக்கு நடந்தார்கள். மளிகைக்காரரின் அலமாரியில் அதே உறைகள் வரிசையாக நின்றன. வாங்க வந்த இரண்டு மூன்று பேர் இருக்கும்போதே அக்கா சத்தமாகச் சொன்னார்: "இது எங்க கடைச் சக்கை. வித்தவர் எங்க சித்தப்பா. யாரும் வாங்காதீங்க." மளிகைக்காரர், தனக்கு எதுவும் தெரியாது, சொந்தக்காரர்கள் சண்டையைத் தன் கடையில் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று கத்தினார். கத்திக்கொண்டே உறைகளை எடுத்து உள்ளே வைத்தார்.

திரும்பி வரும்போது தங்கை முன்னால் வேகமாகப் போய்விட்டார். கடையில் ஆள் காத்திருந்தார்கள். மூக்கர் அக்காவுக்குப் பக்கத்தில் நடந்தார். விட்டுவிடலாம் என்று நினைத்தார். அவர் தொழில் அவரை விடவில்லை.

"ஒண்ணு கேக்கணும். உங்க கை இலையைத் தொட்டாலே பதம் சொல்லிடுது. நடுவுல ஒரு சுவர்தான். அந்தக் கருகின வாசனை உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தெரிஞ்சுது."

"என்னன்னு கேக்கலையா?"

"கடை அவர் பேர்ல இருக்கு சார்," என்றார்.

சாவிக்காரர் மேசையிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன இன்ஷூரன்ஸ், பாலிசி எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. மூக்கர் முக்காலியில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டார். இந்த முறை தங்கை எதுவும் விசாரிக்காமல், பால் போடாமல், சர்க்கரை போடாமல் கொண்டுவந்து வைத்தார். அவர் உறிஞ்சாமல் குடிக்க முயன்றார். அப்படிக் குடித்தால் ருசியே தெரியவில்லை.

சங்கத்துக்கு அவர் எழுதிய அறிக்கை ஒரு பக்கம். சக்கை யாரிடமிருந்து யாருக்குப் போனது, எங்கே நிறமேற்றப்பட்டது, அக்கா மளிகைக் கடையில் என்ன சொன்னார் என்பது இருந்தது. வாசனை பற்றிய கேள்வியும் பதிலும் அதில் இல்லை.

செயலாளர் இலையை நிறுத்தவில்லை. நவம்பரிலிருந்து இலை முத்திரை இல்லாத வெறும் சாக்கில் போகிறது. பெட்டிக்காரர் அந்த மாதமே கடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இப்போது அங்கே கைக்கடிகாரம் விற்கிறார்கள். சகோதரிகளின் தேநீர்க்கடை மேற்கு வாயிலில், மீன் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. முக்காலிகள் முன்பைவிடக் குறைவு. சக்கையை ஈரத்தோடு குப்பைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். கொட்டுவது தங்கை.